சம்பூரின் வெயிலைச் சேமிப்பது எப்படி? மின்சேமிப்பும் திருகோணமலையின் நிலமும்

2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பிலிருந்தபடியே காணொளி வழியாகச் சம்பூர் சூரிய மின் நிலையத்தின் ஆரம்பப் பணிகளைத் தொடக்கி வைத்தார்கள். 120 மெகாவாட் கொள்ளளவு கொண்ட இந்தத் திட்டத்தை இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்.ரி.பி.சி நிறுவனமும் கூட்டாக முன்னெடுக்கின்றன. திருகோணமலையை எரிசக்தி மையமாக மாற்றுவது தொடர்பில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டதும் அதே நாளில்தான்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் சூரிய மின்சாரத்துக்கு ஓர் எளிய சிக்கல் உண்டு. அது அதிகமாகக் கிடைப்பது நண்பகலில். நாட்டுக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுவதோ மாலை ஆறரை மணிக்குப் பின்னர், வீடுகளில் விளக்கெரியும் நேரத்தில். இந்த இடைவெளியை நிரப்பும் வேலைக்குத்தான் மின்சேமிப்பு என்று பெயர். இதைப் பொறியியலாளர்களின் விடயம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நிலத்தை இழந்தும், காத்திருந்தும், பாதியாகத் திரும்பப் பெற்றும் வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விடயம். தமது மண்ணில் பிறக்கும் மின்சாரம் பயன்படுகிறதா, வீணாகிறதா என்பதை இனி தீர்மானிக்கப் போவது சேமிப்புத்தான்.

ஒரே நிலம், மூன்று திட்டங்கள்

2006 ஆம் ஆண்டு மாவிலாறு அணைக்கட்டில் தொடங்கிய மோதல் மூதூர் கிழக்கு முழுவதும் பரவியது. அவ்வாண்டு செப்டெம்பர் தொடக்கத்தில் சம்பூர் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அதற்குள் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடா உள்ளிட்ட கிராமங்களின் மக்கள் இடம்பெயர்ந்துவிட்டிருந்தார்கள். 2006 டிசம்பரில், அதாவது மக்கள் வெளியேறிச் சில மாதங்களிலேயே, திருகோணமலையில் 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் அமைப்பதற்கான உடன்பாடு இந்தியத் தரப்புடன் கையெழுத்தானது. 2007 மே மாதத்தில் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன.

மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கொட்டகைகளுக்குள் ஆண்டுகளைக் கழித்தார்கள். அனல்மின் நிலையத்துக்கு ஏறத்தாழ 500 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. மேலும் 818 ஏக்கர் கைத்தொழில் வலயம் ஒன்றுக்கென முதலீட்டுச் சபையின் கீழ் கொண்டுவரப்பட்டது. கடற்படையும் அங்கே முகாம் அமைத்தது. ஆட்சி மாற்றத்தின் பின்னர் 2015இல் அந்த 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த காணியும் கையளிக்கப்பட்டது. ஏறக்குறைய பத்து வருடங்களின் பின்னர் சம்பூர் மக்கள் இடிந்த சுவர்களுக்கும் பற்றை வளர்ந்த வளவுகளுக்கும் திரும்பினார்கள்.

அனல்மின் நிலையம் கட்டப்படவே இல்லை. சாம்பலும், சூடான நீர் கலப்பதால் கடலும், அதனால் மீன்பிடியும் பாதிக்கப்படும் என்ற எதிர்ப்பு தொடர்ந்தது. 2016 செப்டெம்பரில் அத்திட்டம் முன்னெடுக்கப்படமாட்டாது என்று சட்டமா அதிபர் தரப்பு உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. 2022 மார்ச்சில் அதே கூட்டாளிகள் சூரிய மின் நிலையத்துக்கு உடன்பட்டார்கள். நிலக்கரிக்கென ஒதுக்கிய நிலத்தில் இப்போது சோலார் தகடுகள்.

நிலக்கரியுடன் ஒப்பிடுகையில் இது நல்ல மாற்றம் என்பதில் ஐயமில்லை. புகையில்லை, சாம்பலில்லை, கடலில் கப்பல் நிறுத்தி நிலக்கரி இறக்க வேண்டியதில்லை. ஆனால் நிலக்கரி ஆலையை இரவிலும் இயக்கலாம். சூரிய மின் நிலையம் மாலை ஆறு மணிக்கு அடங்கிவிடும்.

2025 பெப்ரவரி 9 சொன்ன பாடம்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய மின்தடையே காரணம் என்று சொல்லப்பட்டது. சமூக ஊடகங்களில் பல நாட்களாகக் குரங்குதான் பேச்சு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு குரங்கால் ஒரு நாட்டின் மின்வலையமைப்பே எப்படி விழும்?

நீராலும் நீராவியாலும் சுழலும் பெரிய மின்பிறப்பாக்கிகள் நெல் ஆலையின் பாரமான சக்கரம் போன்றவை. விசையை நிறுத்தினாலும் சக்கரம் சற்று நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். அந்த உந்தம்தான் மின்வலையமைப்பில் ஒரு மூலையில் கோளாறு ஏற்படும்போது மற்ற மூலைகளைச் சில விநாடிகள் தாங்கிப் பிடிக்கிறது. இலங்கையின் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று என்ற அலைவெண்ணில் ஓடுகிறது. அது சற்று அதிகம் இறங்கினாலும் ஏறினாலும் நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும்.

சோலார் தகடுகளில் சுழலும் சக்கரம் எதுவும் இல்லை. அன்று ஞாயிறு, தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்ததால் தேவை குறைவு. வெயிலோ நல்ல வெயில். வலையமைப்பில் ஓடிய மின்சாரத்தில் பெரும் பங்கு சூரிய மின்சாரம். தாங்கிப் பிடிக்கும் சக்கரங்கள் போதாமல் இருந்தன. இதனால்தான் ஒரு சிறு அதிர்ச்சி முழு நாட்டையும் இருட்டாக்கியது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் கழன்றுகொண்டது. அது மீண்டும் முழுமையாக இயங்கும்வரை அடுத்த நாட்களில் சுழற்சி முறை மின்வெட்டு வந்தது.

இரண்டு மாதங்களில் அடுத்த அறிகுறி. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், வீட்டுக் கூரைகளில் சோலார் பொருத்தியவர்கள் மாலை 3 மணிவரை அவற்றை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன் வாங்கிச் சோலார் போட்டவர்களிடம், வெயில் கொளுத்தும் நேரத்தில் அதை அணைத்துவிடுங்கள் என்று சொல்லும் நிலை. அதே நாட்களில் இரவுத் தேவைக்கு வெளிநாட்டு நாணயம் கொடுத்து வாங்கிய எண்ணெயும் நிலக்கரியும் எரிந்தன. 2022இல் டீசல் வரிசையில் நாட்கணக்கில் நின்ற நாட்டில் நடந்தது இது.

சேமிக்க இடமில்லாமல் சூரிய மின்சாரத்தை மட்டும் பெருக்கிக்கொண்டு போனால் சம்பூரிலும் இதேதான் நடக்கும். நண்பகலில், அதுவும் விடுமுறை நாட்களில், உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் உத்தரவு வரும்.

குளமும் துருசும்

சேமிப்பைப் புரிந்துகொள்ள நம்மூர் விவசாயிக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மாரியில் கொட்டும் மழையைக் கந்தளாய்க் குளம் பிடித்து வைத்து சிறுபோகத்துக்குக் கொடுக்கிறது. மழை பெய்யும் காலம் வேறு, வயலுக்குத் தண்ணீர் வேண்டிய காலம் வேறு. இரண்டையும் இணைப்பது குளம். மின்சேமிப்பு செய்வதும் இதைத்தான். காலம் மட்டும் மாதங்களிலிருந்து மணித்தியாலங்களாகச் சுருங்குகிறது.

சேமிப்புத் திட்டங்களைப் பற்றிய செய்திகளில் எப்போதும் இரண்டு எண்கள் வரும். மெகாவாட் என்பது துருசின் அகலம்; ஒரே நேரத்தில் எவ்வளவு வெளியே விடலாம் என்பது. மெகாவாட் மணி என்பது குளத்தின் கொள்ளளவு; மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்பது. துருசு எவ்வளவு அகலமாக இருந்தாலும் குளம் சிறிதென்றால் தண்ணீர் விரைவில் தீர்ந்துவிடும். ஒரு திட்டத்தில் மெகாவாட் அளவை மட்டும் சொல்லி மற்ற எண்ணைச் சொல்லாவிட்டால், அதை வைத்து எதையும் கணிக்க முடியாது.

2025இல் இலங்கை மின்சார சபை நாட்டின் 16 உபமின் நிலையங்களில் பற்றரிச் சேமிப்பு நிலையங்கள் அமைக்கக் கேள்விப்பத்திரம் கோரியது. ஒவ்வொன்றும் 10 மெகாவாட், 40 மெகாவாட் மணி. மொத்தம் 160 மெகாவாட், 640 மெகாவாட் மணி. அதாவது ஒவ்வொரு நிலையமும் முழு வேகத்தில் நான்கு மணி நேரம் கொடுக்கும். மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை, சரியாக உச்ச நேரம்.

வீட்டுக் கணக்கில் பார்ப்போம். 40 மெகாவாட் மணி என்றால் 40,000 அலகு. ஒரு வீடு அந்த நான்கு மணி நேரத்தில் 2 அலகு பாவிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நிலையம் 20,000 வீடுகளின் மாலையைத் தாங்கும்.

இப்போது சம்பூரின் கணக்கு. 120 மெகாவாட் நிலையம் நல்ல வெயில் நாளில் சுமார் ஐந்து மணி நேரம் முழு அளவில் இயங்கியதற்குச் சமமான மின்சாரத்தைத் தரும் என்று கொள்வோம். அது 600 மெகாவாட் மணி. நாடு முழுவதற்கும் திட்டமிட்ட 16 நிலையங்களும் சேர்ந்து பிடிக்கக்கூடியது 640. அந்தப் பதினாறு குளங்களும் சம்பூர் என்ற ஒரே ஊரின் ஒரு நாள் வெயிலோடு ஏறக்குறைய நிரம்பிவிடும். நாட்டின் கூரைச் சோலார் மட்டுமே 1000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது; 2030ஆம் ஆண்டில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பது அரசின் இலக்கு. அந்த இலக்குக்கு இன்னும் எத்தனை குளங்கள் வேண்டும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

பற்றரியும் மலையும்

பெரிய பற்றரி நிலையம் பார்வைக்குத் துறைமுகத்தில் அடுக்கிய கொள்கலன்களைப் போலிருக்கும். ஒவ்வொரு கொள்கலனுக்குள்ளும் ஆயிரக்கணக்கான இலிதியம் மின்கலங்கள், அவற்றைக் குளிரூட்டும் கருவி, கண்காணிக்கும் கணினி. உள்ளே போகும் மின்சாரத்தில் சுமார் 85 வீதம் அல்லது சற்றுக் கூடுதலாகத் திரும்பக் கிடைக்கும். விநாடியின் ஒரு பகுதிக்குள் மின்சாரத்தை வெளியே விடவோ உள்ளே இழுக்கவோ இவற்றால் முடியும். பெப்ரவரி 9இல் இல்லாமற்போன தாங்குபலத்தை இவை ஓரளவு ஈடுசெய்யும்.

இதற்கு முன்னுதாரணம் தென் அவுஸ்திரேலியா. 2016 செப்டெம்பரில் அந்த மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. அடுத்த ஆண்டே ஹோர்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி பற்றரி நிலையம் இயங்கத் தொடங்கியது. அப்போது உலகின் மிகப் பெரிய இலிதியம் பற்றரி அதுதான். அலைவெண் தடுமாறும் நேரங்களில் அது கைகொடுப்பதைக் கண்ட பின்னரே மற்ற நாடுகள் இதைப் பெரிய அளவில் நம்பத் தொடங்கின.

இன்னொரு வழி மலையைப் பயன்படுத்துவது. மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் ஆனைமலைப் பகுதியின் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இப்படி இயங்குகிறது. இலங்கையில் அரநாயக்க, நாவலப்பிட்டிப் பகுதிகளை இணைத்து 600 மெகாவாட் மஹா ஓயா திட்டம் முன்வைக்கப்பட்டுள்ளது. இவ்வகை நிலையங்கள் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் கட்டி முடிக்கவும் ஆண்டுகள் ஆகும். பற்றரி நிலையத்தை ஓரிரு வருடங்களில் எழுப்பலாம். அதன் ஆயுள் 15 முதல் 20 வருடங்கள். இரண்டும் தேவை என்பதே பொதுவான முடிவு.

மூன்றாவது வழியும் பேசப்படுகிறது. இந்திய மின்வலையமைப்புடன் கடலடிக் கம்பியால் இணைவது. இதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தமும் 2025 ஏப்ரல் 5இல் கையெழுத்தானது. மிஞ்சியதை விற்று, குறைந்ததை வாங்கலாம். ஆனால் தென்னிந்தியாவிலும் நண்பகலில்தான் வெயில். நமக்கு மிஞ்சும் நேரத்தில் அவர்களுக்கும் மிஞ்சும்.

எண்ணெயைச் சேமித்த துறைமுகம்

திருகோணமலைக்கு எரிசக்திச் சேமிப்பு புதிதல்ல. சீனக்குடாவில் காடு மண்டிய சரிவுகளில் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். பிரித்தானியர் தமது கீழைத்தேயக் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்து அழிந்தது. இன்று 99 தாங்கிகள் எஞ்சியிருக்கின்றன. 2022 ஜனவரி உடன்பாட்டின்படி 14 தாங்கிகள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையிடமும், 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், மீதி 61 தாங்கிகள் இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் உள்ளன.

இந்தத் தாங்கிகளின் வரலாறு ஒன்றைக் காட்டுகிறது. நூறு வருடங்களாக இந்தத் துறைமுகத்தில் எரிசக்தி சேமிக்கப்பட்டது. யாருடைய கப்பலுக்கு, யாருடைய போருக்கு, யாருடைய வியாபாரத்துக்கு என்பதை ஒருபோதும் இந்த மாவட்டத்து மக்கள் தீர்மானிக்கவில்லை. தாங்கிகளின் நிழலில் வாழ்ந்த கிராமங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தன. போர்க்காலத்தில் அந்த மண்ணெண்ணெய்க்கும் தடை வந்தது. போத்தல் விளக்குத் திரியைச் சிறிதாக்கிப் படித்ததையும், துவிச்சக்கர வண்டி டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டதையும் மறக்காதவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஓர் அலகு மின்சாரத்தின் பெறுமதி அவர்களுக்குத் தெரியும்.

தீவுகளில் ஒரு சிறிய தொடக்கம்

சேமிப்பின் நேரடிப் பயனைக் காண வடக்கே தீவகத்தைப் பார்க்கலாம். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்வலையமைப்பில் இல்லை. டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியவை. படகில் டீசல் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் சந்தேகம். இம்மூன்று தீவுகளுக்கும் 11 மில்லியன் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில் கலப்பு மின்திட்டம் ஒன்றுக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. 1700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று மின்சாரம், 2400 கிலோவாட் மணி பற்றரி, அவசரத்துக்கு 2500 கிலோவாட் டீசல் என்பது திட்டம். இங்கே பற்றரி இல்லாவிட்டால் வெயிலும் காற்றும் இருந்தும் இரவில் டீசல்தான். உற்பத்தியாகும் இடத்திலேயே சேமித்து, அந்த ஊருக்கே முதலில் கொடுப்பது இதன் சிறப்பு.

ஆபத்து பற்றியும் பேச வேண்டும்

2025 ஜனவரி 16இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மொஸ் லாண்டிங் பற்றரி நிலையம் தீப்பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அது பழைய கட்டடம் ஒன்றுக்குள் நெருக்கமாக அடுக்கிய, நிக்கல் கலந்த வகை இலிதியம் பற்றரி. இன்று பெரும்பாலும் பாவிப்பது இரும்பு பொசுபேற்று கலந்த வகை. அது இலகுவில் தீப்பற்றாது. கொள்கலன்களைத் திறந்த வெளியில், இடைவெளி விட்டு வைத்தால் ஒன்று எரிந்தாலும் மற்றது தப்பும். ஆனால் இவை எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை. உப்புக்காற்றும் கடும் வெப்பமும் உள்ள கடற்கரையில் குளிரூட்டல் செலவு கூடும், உலோகம் துருப்பிடிக்கும். பதினைந்து வருடம் கழித்துப் பழைய பற்றரிகளை யார் எடுத்துச் செல்வது என்பதும் முதல் நாளே எழுதப்பட வேண்டும். போர் விட்டுச்சென்ற வெடிபொருட்களையே இன்னும் பொறுக்கி முடிக்காத மண்ணில் இன்னொரு கழிவை விட்டுப்போக இடமளிக்க முடியாது.

நிலம் யாருடையது, வெளிச்சம் யாருக்கு?

ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு நாலு முதல் ஐந்து ஏக்கர் நிலம் வேண்டும். 120 மெகாவாட்டுக்குச் சுமார் 500 முதல் 600 ஏக்கர். 10 மெகாவாட் பற்றரி நிலையத்துக்கோ ஓரிரு ஏக்கர் போதும். அதையும் பெரும்பாலும் உபமின் நிலைய வளவுக்குள்ளேயே வைக்கலாம்.

இந்த ஒப்பீடு முக்கியமானது. ஏற்கெனவே உள்ள கூரைகளிலும் சம்பூரிலும் நண்பகலில் மிஞ்சும் மின்சாரத்தைப் பிடித்து வைத்தாலே, புதிதாகச் சோலார் வயல் அமைக்கும் தேவை அந்த அளவுக்குக் குறையும். நிலத்தின் மீதான நெருக்குதலும் குறையும். திருகோணமலையில் அந்த நெருக்குதல் கற்பனையல்ல. 2025இல் முத்துநகர் விவசாயிகள், தாம் பயிர்செய்துவந்த துறைமுக அதிகார சபைக்கு உரித்தான காணிகள் சோலார் திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து மாவட்டச் செயலகத்தின் முன் தொடர் போராட்டத்தில் இறங்கினார்கள். நெல் விளைந்த இடத்தில் தகடு விளையக்கூடாது என்பது அவர்களின் வாதம். சூரிய மின்சாரத்துக்கு அவர்கள் எதிரிகள் அல்லர். பகலில் அணைத்து வைக்கச் சொல்லும் மின்சாரத்துக்காக வயலை இழப்பது என்ன நியாயம் என்ற கேள்விக்குப் பொறியியல் ரீதியாகவும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே, அடுத்த முறை ஒரு மின்திட்டம் பற்றிய கூட்டத்துக்குப் பிரதேச செயலகம் அழைத்தால் சில கேள்விகளைக் கையில் கொண்டு போகலாம். எத்தனை மெகாவாட் என்பதோடு எத்தனை மெகாவாட் மணி சேமிப்பு? அந்தச் சேமிப்பு எந்த உபமின் நிலையத்தில்? நண்பகலில் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னால் அந்த இழப்பு யாருடைய கணக்கில், கம்பனியினுடையதா, நமது மின் கட்டணத்திலா? தீயணைப்புக்கு என்ன ஏற்பாடு? பற்றரியின் ஆயுள் முடிந்ததும் யார் பொறுப்பு? நிலத்தின் உறுதி யார் பெயரில், குத்தகை எத்தனை வருடம், முடிந்ததும் யாரிடம் திரும்பும்? உள்ளூர் இளைஞருக்குக் காவலாளி வேலைக்கு மேல் என்ன வேலை?

சம்பூர் நிலையத்தில் பிறக்கும் 600 மெகாவாட் மணியில் நாலில் ஒரு பங்கை மாலைக்கு மாற்ற, மேலே சொன்ன அளவிலான நான்கு பற்றரி நிலையங்கள் போதும். அதற்குப் பத்து ஏக்கருக்கும் குறைவான நிலமே வேண்டும். பத்து வருடங்கள் தகரக் கொட்டகையில் இரவைக் கழித்த மக்களின் ஊரில் அமையும் திட்டம் இது. அந்த வெயிலின் ஒரு பங்காவது இரவில் கூனித்தீவிலும் கடற்கரைச்சேனையிலும் விளக்காக எரிய வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கையல்ல.